சிவப்பு ஜாக்கியின் மேல் கறுப்புப் பத்து

காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த லீவு நாளன்று அதே ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தவன் நான். லீவு போட்டு சினிமாவுக்குப் போன அரசாங்க ஊழியர்கள் உண்டு. லீவு போட்டு இன்னொரு வேலை பார்த்தவர்கள் உண்டு. லீவே போடாமல் இரண்டையும் செய்தவர்கள் ஏராளம். லீவு போட்டுவிட்டுப் பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாகத் தன் ஆபீசுக்கே திருட்டுத்தனமாக நுழைந்தவன் என்ற பெருமையை மட்டும் என்னிடமிருந்து யாரும் பறித்துவிட முடியாது.

காரணம் எளியது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, ஆபீசில் இருந்தது. அதற்குள் ஒரு சீட்டாட்டம் இருந்தது. அந்த ஆட்டத்தில் குறிப்பிட்ட ஓர் எண்ணை மாதக்கணக்காக ஜெயிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தேன். இரண்டு குழந்தைகள், ஆரம்ப நிலை ரத்த அழுத்தம், ஓரளவு படிப்பு எல்லாம் இருந்தன. எதுவும் உதவவில்லை.

எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். இரண்டாம் மாடியில் ஓர் அறைக்கு ஏ.சி. போட்டு, தரையில் விரிப்புப் போட்டு, ஐந்தாறு பெட்டிகளைத் துணி உறை மாட்டி வரிசையாக வைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சட்டையோடு நுழைய முடியாத கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள் பிறந்து வளர்ந்தவனாகையால், சட்டையையும் கழற்ற வேண்டியிருக்குமோ என்று முதல் நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண் எங்கள் வயதையும் விரல்களையும் ஒருமுறை பார்த்தாள். முதலில் மவுஸ் பிடிக்கக் கை பழகட்டும், இதற்குள் சீட்டு விளையாட்டு இருக்கிறது, ஒரு வாரம் அதை விளையாடுங்கள் என்று மலையாளத்தில் சொன்னாள். என் சர்வீஸில் வேறெந்த உத்தரவையும் நான் இத்தனை விசுவாசமாகக் கடைப்பிடித்ததில்லை. ஒரு வாரம் என்று அவள் சொன்னதை மட்டும் மறந்துவிட்டேன்.

மற்றவர்கள் சாலிட்டேரோடு நின்றார்கள். எனக்கு ஃப்ரீசெல் பிடித்துக்கொண்டது. அதில் ஐம்பத்திரண்டு சீட்டும் முகம் தெரிய எட்டு வரிசையாகக் கிடக்கும். சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் சிவப்பு என்று இறங்குமுகமாக அடுக்கவேண்டும். கறுப்பு ராணி மேல் சிவப்பு ஜாக்கி, சிவப்பு ஜாக்கி மேல் கறுப்புப் பத்து, இப்படி. இடைஞ்சலான சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்க மேலே நாலு காலிக் கட்டங்கள். எதிரே, ஏஸ் தொடங்கி ஒவ்வொரு ஜாதியையும் வீடு சேர்க்க இன்னும் நாலு கட்டங்கள். நடுவில் ஒரு ராஜாவின் தலை. மவுஸை நாம் எந்தப் பக்கம் கொண்டுபோகிறோமோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும். ஆபீசில் என்னை யாராவது இவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுவே முதல் தடவை.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால் எந்தப் பெட்டியிலும் அதே சீட்டுகள் அதே வரிசையில் வந்து விழும். அதனால் கடினமான எண்களைப் பற்றி ஆபீசுக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. மூட்டுவலிக்கு எண்ணெய் சொல்வதுபோல ஒருவருக்கொருவர் எண் சொல்லிக்கொண்டோம். எனக்கு வாய்த்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் உங்களில் யாராவது போய்த் தட்டிப் பார்ப்பீர்கள், உங்கள் வீட்டார் சாபம் என்மேல் விழும். மூன்று ஏஸ்கள் அடியோடு அடியாகப் புதைந்திருக்கும், அவற்றின் மேல் ராஜாக்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். தோற்றதும் ஒரு சின்னப் பெட்டி திறந்து, மறுபடியும் ஆடுகிறீர்களா, அதே ஆட்டமா என்று கேட்கும். சூதாடிகளைப் பற்றி எழுதிய பெரிய எழுத்தாளர்கள் எல்லோருமே ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பணம் வைத்து ஆடுகிறவனுக்குப் பணம் தீர்ந்ததும் எழுந்துபோக ஒரு காரணம் கிடைக்கும். சும்மா ஆடுகிறவனுக்கு அதுவும் கிடையாது.

அந்த எண்ணோடு மோதி மோதி நான் சில தந்திரங்களைக் கண்டுபிடித்தேன். முதல் சீட்டைத் தொடுவதற்கு முன் ஏஸ்களும் இரண்டுகளும் எங்கே கிடக்கின்றன என்று பார்த்து, அவற்றின் மேலிருக்கும் பாரத்தைக் கணக்கிட வேண்டும். கண்ணுக்கு நேரே தெரிகிற வசதியான நகர்த்தலைச் செய்யக்கூடாது. அது பெரும்பாலும் பொறி. காலிக் கட்டங்களைக் காலியாகவே வைத்திருப்பதுதான் அவற்றின் உபயோகம். நாலாவது கட்டமும் நிறைந்த பிறகு நடப்பதெல்லாம் சவ ஊர்வலம். ஒரு வரிசையை முழுக்கக் காலி செய்துவிட்டால் அது நாலு கட்டத்துக்குச் சமம், ஆனால் அங்கே உடனே ஒரு ராஜாவைக் கொண்டுபோய் உட்கார வைக்கும் ஆசை வரும். அதை அடக்கவேண்டும். சின்னச் சீட்டுகளை வீட்டுக்கு அனுப்ப அவசரப்படக்கூடாது. போன சீட்டு திரும்பாது, பிறகு அதன்மேல் அடுக்க ஆசைப்பட்டால் ஆள் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஒரு நகர்த்தலைத்தான் திரும்பப் பெறலாம். இரண்டு தப்பு செய்தவனுக்கு மன்னிப்புக் கிடையாது.

இதையெல்லாம் நான் மதியச் சாப்பாட்டு வேளையில் பயின்றேன் என்பதில்தான் விபரீதம். அந்த வேளை எனக்குச் சொந்தமானதல்ல. பல வருஷங்களாக அது அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி அடுத்த செக்‌ஷனில் என்னைப் போலவே ஹெட் கிளார்க். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பொன்முடி எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்க வந்தவர்கள். கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மலையிறங்கிப் படித்து, வேலைக்கு வந்து, மலையடிவாரத்து வித்துராவில் வீடு கட்டியவர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். இஸ்திரி கலையாத சட்டை, கயிறு கட்டிய ஷூ. எஸ்டேட்டுப் பையன் என்று யாரும் வாயெடுக்க முடியாதபடி உடுப்பார், அப்படியும் எடுத்தார்கள். சுள்ளென்று கோபம் வரும். சீட்டில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று தானே சொல்லிக்கொள்வார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். மற்ற எல்லோரையும்போல அவரும் என்னைச் சாமி என்பார்.

நாங்கள் ஆடியது இருபத்தெட்டு. கேரளத்தில் நாலு ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்தாவதாக வந்து உட்காரும் ஆட்டம். எதிரெதிரே உட்கார்ந்த இரண்டிரண்டு பேர் ஒரு கூட்டணி. ஜாக்கிதான் பெரிய சீட்டு. அதற்குப் பிறகு ஒன்பது, அப்புறம் ஏஸ், பத்து; இந்த நாலுக்கு மட்டுமே புள்ளி, மொத்தம் இருபத்தெட்டு. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கேட்டவர், மற்ற ஜாதிகளை வெட்டும் துருப்பை மறைத்து வைப்பார். கேட்ட புள்ளியை எடுக்காவிட்டால் தோல்வி. தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் குணுக்கு என்றால் மீந்த அடைமாவில் பொரிப்பது. இங்கே அது பலா இலையைச் சுருட்டிக் காதில் தொங்கவிடும் தண்டனை நகை. ஆபீசில் இலையை ஃபைல் கிளிப்பில் கோத்துவிடுவோம். தோற்ற அதிகாரி அதை மாட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவதையும் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சியும் நானும் கூட்டாளிகள் ஆனதற்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. இருவரும் தமிழர்கள், எதிராளிகளுக்குப் புரியாமல் தமிழில் சாடை பேசலாம் என்று ஒரு நப்பாசை. "இன்னைக்கு மழை வரும்போல இருக்கு சாமி" என்பார். கையில் இஸ்பேட் கனமாக இருக்கிறது என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்த கேஷ் செக்‌ஷன் சூப்பிரண்டு வெள்ளிக்கிழமைதோறும் தம்பானூரில் தமிழ்ப் படம் பார்க்கிறவர். "மழையா? அப்படீன்னா நான் குடை பிடிக்கணுமே அண்ணாச்சி!" என்று தமிழிலேயே சொல்லி இஸ்பேடை இறக்குவார்.

ஒவ்வோர் ஓணத்துக்கும், விடுமுறை தொடங்குமுன், ஆபீஸ் ரிக்ரியேஷன் கிளப் இருபத்தெட்டுப் போட்டி நடத்தும். இறுதியாட்டம், பூக்களமும் வடம்வலி என்னும் கயிறிழுப்பும் முடிந்து, சத்யை விருந்துக்கு இலை போடுவதற்கு முன்னால். தோற்ற ஜோடி குணுக்கோடுதான் சத்யைக்கு உட்காரவேண்டும், இலையை மடிக்கும்வரை கழற்றக்கூடாது. குடும்பங்களும் வந்திருக்கும். நாங்கள் அடிக்கடி இறுதி வரை வந்தோம், வந்தபோதெல்லாம் கேஷ் சூப்பிரண்டின் ஜோடியிடம் தோற்றோம். சூப்பிரண்டு தன் கையாலேயே அண்ணாச்சியின் காதில் கிளிப்பை மாட்டுவார். "எஸ்டேட்டில இலை கிள்ளினவர்க்கு இலைதானே சேரும்" என்று ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அவர் காது மட்டும் சிவந்து, பாயசம் வரும்வரை அப்படியே இருந்தது.

அவருடைய கடைசி ஓணம் வந்தது. அடுத்த வருஷம் மார்ச்சில் ரிட்டையர்மென்ட். ஒருநாள் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்.

"சாமி, ஒரே ஒரு தடவை அந்தாளு காதுல என் கையால குணுக்கு மாட்டணும். வேற ஒண்ணும் வேண்டாம். பென்ஷன்கூட லேட்டா வரட்டும்."

"மாட்டிடலாம் அண்ணாச்சி."

"சும்மா சொல்லப்பிடாது. இந்தத் தடவை வீட்டுக்காரியையும் மகளையும் கூட்டிட்டு வர்றேன். இதுவரைக்கும் ஒரு ஓணத்துக்கும் கூட்டிட்டு வந்ததில்லை, எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா."

தெரியும். தலையாட்டினேன். தினமும் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்து பயிற்சி செய்வது என்று முடிவாயிற்று.

மறுநாள் ஒரு மணிக்கு நான் இரண்டாம் மாடியில் இருந்தேன். ஐந்து நிமிஷம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அண்ணாச்சி தேடிக்கொண்டு மேலே வந்தார். ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்ட அவருக்குப் பொறுமை கிடையாது, அதனால் வாசலிலேயே நின்று கழுத்தை மட்டும் ஏ.சி.க்குள் நீட்டினார்.

"என்ன சாமி, வரலையா?"

"இதோ, ஒரு ஆட்டம்."

"அதும் சீட்டுதானா? எதிராளி யாரு?"

"யாருமில்லை."

"பார்ட்னரு?"

"அதும் கிடையாது அண்ணாச்சி. தனியா ஆடறது."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "பின்னே யாருகிட்ட சண்டை பிடிக்கிறது?" என்றார். பிறகு, "செரி, முடிச்சிட்டு வாங்க" என்று கீழே போனார். முடித்தபோது இரண்டு மணி. ஆபீஸ் தொடங்கிவிட்டது.

மறுநாளும் அப்படி, அதற்கடுத்த நாளும். சில நாட்கள் போனேன், ஆனால் கையில் சீட்டை வைத்துக்கொண்டு மனத்தில் அந்த மூன்று ஏஸ்களைத் தோண்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வாசலில் வந்து நிற்பது மெல்ல மெல்லக் குறைந்தது. கழுத்தை நீட்டி, "இன்னைக்கும் கிடையாதா?" என்று மட்டும் கேட்பார். பிறகு அதுவும் இல்லை. என் செருப்பு வாசலில் கிடந்தாலே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

ஆபீஸ் ஓணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் நான் அந்த லீவைப் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஒரு புது வழி தென்பட்டிருந்தது. மூன்றாவது வரிசையைக் காலி செய்யாமல் ஆறாவது வரிசையைக் காலி செய்தால்? சாதாரண நாளில் என்னை என் செக்‌ஷனிலிருந்து எழுந்து போகவிடமாட்டார்கள். லீவு போட்டால் கீழே என்னை யாரும் தேடமாட்டார்கள், மேலே நிம்மதியாக உட்காரலாம். இவ்வளவு தெளிவான திட்டத்தை நான் குடும்பத்துக்காக ஒருபோதும் தீட்டியதில்லை. மனைவியிடம் லீவு பற்றிச் சொல்லாமல் வழக்கம்போல டிபன் டப்பாவோடு கிளம்பினேன்.

அன்று அந்த எண்ணை ஜெயித்தேன். ஆறாவது வரிசை திறந்தது, ஏஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. கடைசிச் சீட்டுகள் தாமாகவே விர்ரென்று பறந்து வீடு சேர்ந்தபோது என் கண்ணில் நீர் வந்தது. இருபது வருஷ சர்வீஸில் ஒரு காரியத்தை முழுசாக முடித்தேன் என்ற நிறைவு. சுற்றிலும் பார்த்தேன். உறை போட்ட பெட்டிகளைத் தவிர வேறு யாரும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"உங்க அண்ணாச்சி ஃபோன் பண்ணினார். உங்களுக்கு ஜுரம் எப்படி இருக்குன்னு கேட்டார்."

நான் காபியைப் பார்த்தேன்.

"ஆபீசுக்குன்னா போயிருக்கார்னு சொன்னேன். அப்படியான்னார். அப்புறம், சரிம்மா, வச்சிடறேன்னார். ஏன்னா, ஜுரம் ஆபீஸ்ல இருக்கா, ஆத்துல இருக்கா?"

அண்ணாச்சி ஃபோனை வைத்த பிறகு இரண்டாம் மாடிக்கு வந்து என் செருப்பைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, "காய்ச்சல் விட்டுதா சாமி?" என்றார்.

"விட்டுது."

"நல்லது. நாளைக்குக் கை நடுங்கப்பிடாதுல்லா."

அவ்வளவுதான் கேட்டார். அவருடைய கோபத்துக்கு நான் தயாராக இருந்தேன். கோபம் வரவில்லை.

ஆபீஸ் ஓணத்தன்று அவர் மனைவியும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள், மலையாளத்துப் பெண்களைப்போலச் செட்டுமுண்டு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர்கள் வீட்டில் அதை யாரும் கட்டியதில்லை போலிருக்கிறது, தாய் அடிக்கடி கரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான்கு பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். அண்ணாச்சி அன்று ஆடியதைப்போல யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. எதிராளிகளின் கையை அவர்கள் முகத்திலிருந்தே வாசித்தார். கேஷ் சூப்பிரண்டு தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டார். அது நல்ல சகுனம்.

கடைசி ஆட்டம். ஏலம் எங்களுடையது, அண்ணாச்சி கேட்டது. துருப்பு இஸ்பேட், வெளியே தெரிந்தாயிற்று. எல்லோர் கையிலும் இரண்டிரண்டு சீட்டு மிச்சம். வேண்டிய புள்ளி இன்னும் கொஞ்சம்தான். இஸ்பேடில் மற்றதெல்லாம் இறங்கிவிட்டன, கடைசி இஸ்பேட் என் கையிலிருந்த பத்து. இன்னொரு சீட்டு உதவாக்கரை டைமன் ஏழு.

அண்ணாச்சி ஹார்ட்ஸ் என்கிற ஆட்டினில் ஜாக்கியை இறக்கினார். ஆட்டினில் அதைவிடப் பெரிய சீட்டு இல்லை. என்னிடம் ஆட்டின் இல்லை. வெட்டக்கூடிய துருப்பு வேறு யாரிடமும் இல்லை. அந்தப் பிடி எங்களுடையதேதான். நான் செய்யவேண்டியது டைமன் ஏழை அதில் கழித்துவிட்டு, அடுத்ததாக அவர் எதை இறக்கினாலும் என் பத்தால் வெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யும்.

மேஜைமேல் ஒரு சிவப்பு ஜாக்கி கிடந்தது. என் கையில் ஒரு கறுப்புப் பத்து இருந்தது.

கை போட்டுவிட்டது. நான் போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாதக்கணக்காக அந்த விரல்கள் சிவப்பு ஜாக்கியைக் கண்டதும் கறுப்புப் பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் பழகியிருந்தன, ஓடின. சீட்டு கச்சிதமாக, ஜாக்கியின் மேல் பாதி மறைத்துக் கொஞ்சம் கீழே இறங்கி, திரையில் விழுவதுபோலவே விழுந்தது. அழகாகக்கூட இருந்தது.

என் கை மேஜையின் ஓரத்தில் எதையோ தேடியது. ஒரே ஒரு நகர்த்தலைத் திரும்பப் பெறலாமே, அந்த இடத்தை.

"சாமி," என்றார் கேஷ் சூப்பிரண்டு, நிஜமான அக்கறையோடு. "அது உங்க பார்ட்னரோட ஜாக்கியாக்கும்."

கூட்டாளியின் பிடியையே வெட்டிவிட்ட நான் இனி டைமன் ஏழை இறக்கியே ஆகவேண்டும். இறக்கினேன். சூப்பிரண்டு டைமன் ஒன்பதை வைத்தார். அண்ணாச்சி தன் கடைசிச் சீட்டைப் போட்டார். கிளாவர் ஏஸ். அதுவும் அவர்களுக்கே போயிற்று. எங்களுக்கு இரண்டு புள்ளி குறைந்தது.

பின்வரிசையில் யாரோ தொடங்கிய சிரிப்பு கூடத்தில் பரவியது. சூப்பிரண்டு பலா இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அண்ணாச்சி அவர் கையிலிருந்து கிளிப்பை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார். அன்று எஸ்டேட்டு இலை என்ற பேச்சு எழவில்லை. மகள் இருந்ததனாலோ என்னவோ சூப்பிரண்டுக்கும் வாய் வரவில்லை. சத்யைக்கு அண்ணாச்சி மனைவிக்கும் மகளுக்கும் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, சாம்பாரிலிருந்து பாயசம்வரை ஒன்று விடாமல் சாப்பிட்டார். குனியும்போதெல்லாம் இலை கன்னத்தில் உரசியது. மகள் முதலில் அதைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. நான் எதிர்வரிசையில் இருந்தேன். ரசம் வரும்போது காது அரிக்கிறது என்று என் கிளிப்பைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

அதன்பிறகு ரிட்டையர் ஆகும்வரை அவரோடு நான் சீட்டு ஆடவில்லை. மதியத்தில் அவர் தன் மேஜையிலேயே செய்தித்தாள் படித்தார். பேசிக்கொண்டோம், பஞ்சப்படி பற்றி, பஸ் பற்றி. அந்த ஆட்டத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிரிவு உபசாரத்தன்று நான்தான் பேசினேன். நகைச்சுவையாகப் பேசுவேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. சீட்டைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசினேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.

வித்துராவுக்கு வாருங்கள் என்றார். வருகிறேன் என்றேன். போகவில்லை. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் யார் வந்தாலும் பொன்முடி பார்க்கக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். வழியில் வித்துராச் சந்தையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த இடம் வரும்போது நான் வேனுக்குள் யாருக்காவது அவசரமாக ஏதாவது விளக்கிக்கொண்டிருப்பேன். பல வருஷங்கள் இப்படிப் போனேன். ஃப்ரீசெல்லை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ஆடினேன். ஜெயித்த எண்ணை மட்டும் மறுபடி ஆடவில்லை.

ஒருமுறை பொன்முடியிலிருந்து இறங்கும்போது என் மனைவி வேனைச் சந்தையருகே நிறுத்தச் சொன்னாள்.

"இறங்குங்கோ. அந்த மனுஷரைப் பாத்துட்டு வாங்கோ. ஒவ்வொரு தடவையும் இந்த வளைவு வந்தா எங்களுக்கெல்லாம் தேயிலையைப் பத்திப் பாடம் எடுக்கறேள்."

வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. அண்ணாச்சி இளைத்திருந்தார், சட்டை மட்டும் அதே இஸ்திரியோடு இருந்தது. "அடடே, சாமி!" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மகள் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். அவர் மனைவி பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"சீட்டு உண்டா அண்ணாச்சி?"

"எங்க சாமி? நாலு பேரு சேர மாட்டேங்கிறாங்க. நான் ஒருத்தன் உண்டு, அடுத்த வீட்டு ஸ்கூல் மாஷ் ஒருத்தர் உண்டு. பின்னே ரெண்டு பேருக்கு எங்க போறது?"

அப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அந்த எண், போலிக் காய்ச்சல், தினம் தினம் மவுஸைப் பிடித்து விரல்களுக்கு ஏறிய பழக்கம், சிவப்பு ஜாக்கி தெரிந்ததும் கறுப்புப் பத்தைப் போட்டே தீரவேண்டும் என்ற அந்தக் கண்மூடித்தனம். தனியாகவே ஆடி ஆடி, எதிரே கூட்டாளி ஒருவர் உட்கார்ந்திருப்பதே எனக்கு மறந்துபோய்விட்டது, அந்தக் கம்ப்யூட்டர்தான் என்னைக் கெடுத்தது, அது வராமலிருந்தால் சூப்பிரண்டின் காதில் நீங்கள் குணுக்கு மாட்டியிருப்பீர்கள் என்றேன். வருஷக்கணக்காக மனத்தில் எழுதித் திருத்தி வைத்திருந்த பேச்சு. நன்றாகவே வந்தது. என் குரல்கூட ஓரிடத்தில் தழுதழுத்தது.

அண்ணாச்சி முழுக்கக் கேட்டார். சாயாவை ஆற்றி ஒரு வாய் குடித்தார்.

"கம்ப்யூட்டரை ஏன் சாமி குத்தம் சொல்றீங்க?" என்றார். "அது வர்றதுக்கு ரெண்டு ஓணம் முந்தியும் என் ஜாக்கியை நீங்கதானே வெட்டுனீங்க."